திரையில் கரடியைக் காணோம்: காட்டு நேரலைக் கேமராக்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போன ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அத்தை கூப்பிட்டார். "ஏல, நீ அனுப்புன லிங்க்ல கரடியுமில்ல ஒண்ணுமில்ல, ஒரே இருட்டால்லா கெடக்கு. என் போனு போயிட்டா?" போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலாஸ்காவில் அப்போது ராத்திரி ஒன்றரை மணி.

அதற்குப் பிறகு வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் காட்டு விலங்கு நேரலை பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கூடவே புகார்களும். பாதிக்கு மேல் போனிலோ நெட்டிலோ கோளாறே இருப்பதில்லை. அதனால் ரவுட்டரை அணைத்துப் போடும் வேலையைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: அங்கே இப்போது மணி என்ன? அங்கே இது என்ன பருவம்? சாட்டில் மற்றவர்களுக்கும் இதே கதைதானா? இந்த மூன்றிலும் விடை கிடைக்காவிட்டால் மட்டும் உங்கள் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

திரை முழுக்க இருட்டு

கரடிக் கேமராக்களில் பேர்போனது அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கும் புரூக்ஸ் அருவி. எக்ஸ்ப்ளோர்.ஆர்க் என்ற தளத்தில் வருகிறது. அருவி என்றதும் குற்றாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்; இரண்டு மீட்டர் உயரம்கூடக் கிடையாது. அந்த உயரத்தைத் தாண்டத்தான் சால்மன் மீன்கள் துள்ளுகின்றன, மேலே நிற்கும் பழுப்புக் கரடி வாயைத் திறந்து பிடிக்கிறது.

கோடையில் அலாஸ்கா நம்மைவிடப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஜூலையில் நமக்கு மாலை 7 மணி வாக்கில் அங்கே விடியும். மறுநாள் மதியம் 1 மணி வரை வெளிச்சம் இருக்கும். இருட்டாக இருப்பது நம் கணக்கில் மதியம் 1 முதல் மாலை 7 வரைதான். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து போனை எடுக்கிற நேரமும் அதுவே, அத்தைக்கு நடந்ததும் அதுவே. செப்டம்பர் கடைசியில் பகல் சுருங்கிவிடும். அப்போது இரவு 10 மணியை ஒட்டி விடிந்து, காலை 10 மணியை ஒட்டி இருட்டிவிடும்.

மற்ற இடங்கள்: நமீபியா, தென்னாப்பிரிக்கா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், கென்யா இரண்டரை. கலிஃபோர்னியா கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதிமூன்றரை. நியூசிலாந்து மட்டும் நமக்கு முன்னால் ஓடுகிறது: அவர்கள் குளிர்காலத்தில் ஆறரை மணி நேரம், கோடையில் ஏழரை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பார்க்கிறவர்கள் இங்கே சொல்லும் நம் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே நல்ல பகல், ஆனாலும் திரை கறுப்பு என்றால் மின்சாரம் போயிருக்கும். காட்டுக் கேமராக்கள் பலவும் சூரியத் தகட்டிலும் பேட்டரியிலும் ஓடுகின்றன. நான்கு நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் படுத்துவிடும். நம் கையில் செய்ய ஒன்றுமில்லை, மறுநாள் வந்து பாருங்கள்.

வெளிச்சம் இருக்கிறது, விலங்குதான் இல்லை

அதிகம் வரும் புகார் இது.

புரூக்ஸ் அருவியில் சால்மன் வரத்து ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் உச்சத்துக்குப் போகும். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கரடிகள் நிற்பதும் அப்போதுதான். ஆகஸ்டில் மீன்கள் முட்டையிடக் கிளை ஓடைகளுக்குப் பிரிந்து போகின்றன, கரடிகளும் பின்னாலேயே போய்விடுகின்றன. ஆகஸ்ட் நடுவில் லிங்க்கைத் திறந்துவிட்டு "வெறும் தண்ணி ஓடுது" என்று சொன்னால், ஆமாம், தண்ணீர்தான் ஓடும். செப்டம்பரில் முட்டையிட்டு ஓய்ந்த மீன்கள் செத்து மிதந்து வரும். அவற்றைப் பொறுக்கத் தடித்த உடம்போடு கரடிகள் திரும்பி வருகின்றன. ஆனால் அப்போது கூட்டம் அருவியைவிட ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான். அந்தப் பகுதிக்கென்றே தனிக் கேமரா உண்டு, அருவிக் கேமராவையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். குளிர்காலத்தில் கரடிகள் தோண்டிய வளையில் உறங்குகின்றன. அப்போது அந்தப் பக்கத்தில் ஓடுவது பழைய பதிவு.

நமீப் பாலைவனத்தில் ஒரு நீர்க்குட்டையை இரவும் பகலும் காட்டுகிறார்கள். ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் என்ற மான் வகைகள், தீக்கோழி, வரிக்குதிரை, நரி என்று வருகை தரும். இங்கே கணக்கு தலைகீழ்: மழை பெய்தால் கூட்டம் குறையும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல மழை கிடைத்துவிட்டால் பள்ளம்தோறும் தண்ணீர், புல்லிலும் ஈரம். அப்புறம் இந்தக் குட்டைக்கு ஏன் வர வேண்டும்? நம் ஊரில் கண்மாய் நிறைந்திருக்கும்போது தெருக்குழாயில் யார் வரிசை நிற்பார்கள்? வறண்ட மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, வந்து பாருங்கள்.

நியூசிலாந்தில் டுனெடின் நகருக்குப் பக்கத்தில் தையரோவா முனை இருக்கிறது. அங்கே ராயல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் கூட்டைக் காட்டும் கேமரா 2016-லிருந்து ஓடுகிறது. நவம்பரில் முட்டை, ஜனவரி கடைசி வாக்கில் குஞ்சு, செப்டம்பரில் அது பறந்துபோகும். அக்டோபரில் போனால் புல்மேடுதான் தெரியும். நடு மாதங்களில் பார்த்தால் வேறொரு புகார் வரும்: "குஞ்சு தனியா இருக்கு, அம்மா செத்துப்போச்சா?" இல்லை. ஒரு மாதம் சொச்சம் மாறி மாறிக் காவல் இருந்துவிட்டுத் தாயும் தகப்பனும் இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகின்றன. திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். வந்தால் சில நிமிடம் ஊட்டிவிட்டு மறுபடி கிளம்பிவிடும்.

இருக்கிற விலங்கே கண்ணில் படாமல் போவதும் உண்டு. முழு உருவத்தைத் தேடாதீர்கள். ஓரிக்ஸ்கள் எல்லாம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தால், அந்தத் திசையில் யாரோ வருகிறார்கள். பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பினாலும் அப்படியே. காலை வெயில் ஏறிய பிறகு கௌதாரி போன்ற மணற்பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, குஞ்சுகளுக்காகப் பல கிலோமீட்டர் சுமந்து போகும். யானை வரட்டும் என்று காத்திருந்து இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர், நானும் முதல் வருடம் அப்படித்தான்.

பச்சைக் கலங்கல் தவிர வேறொன்றும் தெரியவில்லை

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து 'மீன் அழைப்புமணி'யைத் திறந்திருக்கிறீர்கள் போல. அங்கே கால்வாயில் ஒரு பழைய மதகு உண்டு. வசந்தத்தில் மீன்கள் முட்டையிட மேலே போக வரும்போது படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் மதகு மூடியே கிடக்கும், மீன்கள் வெளியே காத்து நிற்கும். 2021-லிருந்து தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கிருந்தாலும் மீனைப் பார்த்தால் பொத்தானை அழுத்தலாம். தகவல் மதகுக்குப் போகும், மீன் சேர்ந்திருந்தால் திறந்துவிடுவார்கள். மார்ச் முதல் மே வரை மட்டும். மீன்கள் இருட்டிய பிறகுதான் அதிகம் நகர்கின்றன, நமக்கு அது நள்ளிரவுக்கு மேல். கலங்கல் இயல்பு. என் மகள் முதல் நாள் மிதந்து வந்த இலைக்கு மணி அடித்தாள். தவறில்லை, படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இரவில் வெள்ளைப் புள்ளிகள் பறக்கின்றன, கண்கள் மட்டும் எரிகின்றன

பேயும் இல்லை, பனியும் இல்லை. கேமரா அகச்சிவப்பு விளக்கில் பார்க்கிறது, அதனால்தான் கறுப்பு வெள்ளை. விளக்குக்கு முன்னால் பறக்கும் பூச்சிகள் பெரிய வெள்ளைக் கோளங்களாகத் தெரியும். கோடு மாதிரி ஒன்று ஆடிக்கொண்டே இருந்தால் சிலந்தி நூல். பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண் எரிவதுபோல் தெரிகிறது. இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி, தரையிலிருந்து உயரம், நடக்கும்போது ஏறி இறங்கும் விதம் ஆகியவற்றை வைத்துப் பழகினால் நரியா கழுதைப்புலியா என்று சொல்லிவிடலாம்.

"இந்த நேரலை முடிந்துவிட்டது" என்று வருகிறது

யூடியூப் சங்கதி. கேமரா ஒருமுறை அணைந்து மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் புது வீடியோவாகத்தான் வரும், லிங்க் மாறிவிடும். நீங்கள் வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருப்பது செத்துப்போன பழைய லிங்க். வீடியோவைச் சேமிக்காமல் சேனலைச் சேமியுங்கள். அதில் 'நேரலை' என்ற பகுதிக்குப் போனால் இன்றைய லிங்க் இருக்கும்.

படம் உறைந்து நிற்கிறது

திரையின் மூலையில் மணி ஓடுகிறதா பாருங்கள். மணி ஓடினால் படம் உறையவில்லை, விலங்குதான் அசையாமல் நிற்கிறது. மணி நின்றிருந்தால் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் அதே நொடியில் நின்றால் சாட்டுக்குப் போங்கள். எல்லோரும் "உறைந்துவிட்டது" என்று எழுதியிருந்தால் கேமராப் பக்கக் கோளாறு. புரூக்ஸ் கேமராக்களின் சிக்னல் பக்கத்து டம்ப்ளிங் மலை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கிங் சால்மன் என்ற சிற்றூருக்கு இறங்கித்தான் இணையத்தில் சேர்கிறது. மலையில் காற்றும் மழையுமாக இருந்தால் இங்கே படம் திக்கும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இப்போதுதான் உங்கள் நெட்டைச் சந்தேகப்படலாம். நேரலை இல்லாத ஏதாவது ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அதுவும் சுற்றினால் நெட் கோளாறு: ரவுட்டருக்குப் பக்கத்தில் போங்கள், அல்லது அணைத்துப் போடுங்கள். அது சரியாக ஓடி நேரலை மட்டும் சுற்றினால் காரணம் வேறு. பதிவு செய்த வீடியோ அடுத்த சில நிமிடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நேரலையில் முன்கூட்டி இறக்க என்ன இருக்கிறது, இன்னும் நடக்கவே இல்லையே! அதனால் சின்னத் தடங்கலுக்கும் நின்றுவிடும். ஒரு தந்திரம்: நிறுத்து பொத்தானை அழுத்தி அரை நிமிடம் விட்டு, பிறகு ஓட்டுங்கள். அரை நிமிடம் பின்னால் இருப்பீர்கள், ஆனால் அந்த அரை நிமிடக் கையிருப்பு உங்களைக் காப்பாற்றும்.

படத்தின் தரத்தை 480-க்கு இறக்குவதும் நல்லது. அதில் மணிக்கு ஏறத்தாழ அரை ஜிபி செலவாகும். 1080-ல் ஒன்றரையிலிருந்து மூன்று ஜிபி வரை போகலாம், நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர்களுக்கு அது முதல் கரடி வருவதற்குள் தீர்ந்துவிடும்.

சத்தம் வரவில்லை

தானாக ஓடும் வீடியோவைப் பிரவுசர் ஊமையாக்கித்தான் தொடங்கும். படத்திலிருக்கும் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டுங்கள். மைக் இல்லாத கேமராக்களும் இருக்கின்றன. அருவிக் கேமராவில் 'கொர்' என்று ஒரே இரைச்சல் கேட்டால் அது கோளாறு இல்லை, அருவி.

சாட்டில் எல்லோரும் கத்துகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை

நீங்கள் பின்தங்கி ஓடுகிறீர்கள். எப்போதோ நிறுத்தி ஓட்டியிருப்பீர்கள். சிவப்பாக இருக்க வேண்டிய 'நேரலை' குறி சாம்பல் நிறத்தில் இருக்கும், அதைத் தட்டினால் நிகழ்நேரத்துக்குத் தாவும். தாவுவதற்கு முன் ஒன்று: கொஞ்சம் பொறுத்தால் அவர்கள் பார்த்தது உங்களுக்கும் வரும். உண்மையிலேயே தவறவிட்டிருந்தால் வீடியோவுக்கு அடியில் ஓடும் கோட்டைப் பின்னுக்கு இழுங்கள், பல சேனல்களில் சில மணி நேரம் வரை திரும்பிப் போகலாம்.

சாட்டில் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு. காண்டாமிருகம் தெரிந்தால் இடம், திசை, கொம்பு பற்றி எழுதாதீர்கள். வேட்டைக்காரனும் நெட் வைத்திருக்கிறான்.

நேற்று வந்த அதே யானை, அதே மாதிரி, அதே இடத்தில்

பெயர்தான் 'நேரலை', ஓடுவது பழைய பதிவு. நேர்மையான தளங்கள் 'சிறப்புக் காட்சிகள்' என்று மூலையில் போட்டுவிடும். சொல்லாமல் சுழலவிடும் சேனல்களும் யூடியூபில் ஏராளம். கண்டுபிடிக்க நிழல் போதும்: அங்கே உச்சி வெயில் நேரமாக இருக்க வேண்டியபோது திரையில் நீண்ட நிழல் விழுந்தால், அல்லது இரண்டு மணி நேரமாக நிழல் நகரவே இல்லை என்றால், வெளியே வந்துவிடுங்கள்.

நல்ல நேரத்தில் கேமரா திரும்பிவிட்டது

சில கேமராக்களை எங்கோ உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் திருப்புகிறார். நீங்கள் குட்டியைப் பார்க்க ஆசைப்படுவீர்கள், அவர் தூரத்தில் வரும் ஆண் கரடியைக் காட்டுவார். பெரும்பாலும் அவர் கணிப்புதான் சரியாக இருக்கும். கோபித்துச் சாட்டில் எழுதிப் பயனில்லை.

பார்க்க முடியாத காட்சி வந்துவிட்டது

இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதுவரை வந்த போன்களில் கனமானவை இவைதான்.

கட்மாய்க் கரடிகளுக்குப் பூங்கா எண் கொடுத்து வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் 128 என்ற எண்ணுள்ள கிரேஸர் என்ற தாய்க் கரடியின் குட்டி ஒன்று புரூக்ஸ் அருவியிலிருந்து கீழே அடித்துச் செல்லப்பட்டது. 32 என்ற எண்ணுள்ள சங்க் என்ற பெரிய ஆண் கரடி அதைத் தாக்கியது, குட்டி பிழைக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில், எந்தக் கரடி நன்றாகக் கொழுத்தது என்று உலகமே ஓட்டுப் போடும் 'கொழுத்த கரடி வார'த்தின் இறுதிச் சுற்றில் எதிரெதிரே நின்றவர்களும் இந்த இருவர்தான். கிரேஸர் ஜெயித்தாள். மறு வருடம் தாடை உடைந்த நிலையிலும் தின்று தீர்த்து சங்க் ஜெயித்தான். 2024-ல் போட்டிப் பட்டியலை அறிவிக்கவிருந்த நாளில் 469 என்ற ஆண் கரடி 402 என்ற பெண் கரடியைக் கேமராவுக்கு முன்னாலேயே கொன்றது. அறிவிப்பைத் தள்ளிவைத்தார்கள்.

"யாராவது போய்க் காப்பாத்தக் கூடாதா?" என்று அத்தை கேட்டார். கட்மாயில் போக மாட்டார்கள், அது பூங்காவின் நிலைப்பாடு. தையரோவாவில் அப்படி இல்லை: குஞ்சை எடை போடுவார்கள், தேவைப்பட்டால் உணவும் கொடுப்பார்கள், ஏனெனில் அந்த இனத்தில் ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு மனிதக் கை குஞ்சைத் தூக்கினால் பதறி எழுதாதீர்கள்.

பதற வேண்டாத இன்னொன்று, கலிஃபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில் ஜாக்கி, ஷாடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் கூடு. முட்டைமேல் உட்கார்ந்த ஜாக்கியின் முதுகு முழுக்கப் பனி மூடி, தலை மட்டும் வெளியே தெரியும். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். உடற்சூடு இறகைத் தாண்டி வெளியேறாததால்தான் மேலே விழுந்த பனி உருகாமல் கிடக்கிறது. 2024-ல் அவள் இட்ட மூன்று முட்டைகளும் பொரிக்கவில்லை. 2025 மார்ச்சில் மூன்றும் பொரித்தன, ஒரு குஞ்சு பனிப்புயலில் போனது, மற்ற இரண்டும் ஜூனில் பறந்தன.

பார்க்க முடியவில்லை என்றால் மூடிவிடுங்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் முட்டை பொரிக்கும் காலத்தில் நீங்கள் முதலில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

பழகிய விலங்கு திரும்பி வரவில்லை

ஓட்டிஸ், எண் 480. கொழுத்த கரடிப் போட்டியில் 2014, 2016, 2017, 2021 என்று நான்கு முறை ஜெயித்த கிழக் கரடி. மற்றவை சண்டை போட, இவன் அருவியின் தூரத்து மூலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான். ரசிகர்கள் அதற்கு அவன் 'ஆபீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2023-க்குப் பிறகு 2024-லும் வரவில்லை, 2025-லும் வரவில்லை. உடல் கிடைத்ததாகச் செய்தியும் இல்லை. பூங்கா ஊழியர்களிடம் கேட்டு எழுதாதீர்கள், அவர்களும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு கரடி அங்கே உட்கார்ந்தால் அத்தைக்கு இன்னும் எரிச்சல் வரும்.

கேமராவில் ஒரு மனிதர்

அருவிப் பக்கத்து மேடையில் சுற்றுலாப் பயணிகள் தெரிவது வழக்கம். ஆனால் 2023 செப்டம்பரில் டம்ப்ளிங் மலைக் கேமராவுக்கு முன்னால், காற்றும் மழையுமான நேரத்தில் ஒருவர் வந்து நின்று "உதவுங்கள்" என்று வாயசைத்தார். வழி தவறியவர். வழக்கமாக யாரும் பெரிதாகப் பார்க்காத அந்த மலைக் கேமராவை அப்போது யாரோ சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்டில் எழுதினார்கள், தளத்தை நடத்துகிறவர்கள் பூங்காவுக்குச் சொன்னார்கள், ரேஞ்சர்கள் ஏறிப் போய் அவரை இறக்கி வந்தார்கள்.

இப்படி ஏதாவது பட்டால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சாட்டில், ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை போதும்: எந்தக் கேமரா, திரை மூலையில் ஓடும் மணி, திரையின் எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள். நம் மணியை எழுதாதீர்கள், குழப்பும்.